யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டை

கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், நகரின் கடைத்தெருக்களைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் திடீரெனத் திறந்த வெளியொன்றைக் காண்பர். வீடுகளும் கடைகளும் நெருங்கி நின்ற காட்சி மறைந்து, புல்தரையும் அதற்கப்பால் தாழ்ந்து நீண்ட கரிய மதிலும், மதிலுக்கப்பால் பண்ணைக் கடலின் ஒளியும் தோன்றும். அவ்வெளியையே நம்மவர் முற்றவெளி என வழங்குவர். அங்கே முனியப்பரை வணங்கி மீளும் அடியார் பலர். விளையாட்டுப் போட்டி காணச் செல்லும் மாணவர் பலர். நகரின் நடுவே இத்துணைப் பெரிய நிலம் ஏன் வெறுநிலமாய் விடப்பட்டது என்று எண்ணுவோர் சிலரே. அம்மதிலுள் நின்று பீரங்கி சுடுவோனின் கண்ணுக்கு மரமோ வீடோ மறைப்பாய் இருத்தலாகாது என்பதே அதற்குக் காரணம். முற்றவெளி கோட்டைக்கு வெளியே கிடப்பினும் கோட்டையின் ஓருறுப்பே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் வரலாறு பயிலும் மாணவர் சிலரை அக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். உடைந்த கொத்தளமொன்றின்மேல் நின்று அதன் அமைப்பை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன், "ஐயா, எங்களை அடக்கி ஆளுவதற்குக் கட்டிய கோட்டையை நாங்கள் ஏன் பாதுகாக்க வேண்டும்?" என்று வினவினான். அவ்வேளை தக்க விடை கூற என்னால் இயலவில்லை. நல்லூரை எண்ணியே அவன் அவ்வாறு கேட்டான் என்பதும், அவ்வினாவில் நியாயம் உண்டு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தவற்றையே ஈண்டு ஒழுங்குபடுத்திக் கூற முயல்கின்றேன்.

கோட்டையின் வரலாறு நல்லூரிலேயே தொடங்குகின்றது. ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகராய் விளங்கிய நல்லூர் கடலுக்கு அண்மையில் இருப்பினும் கடற்கரையில் இருந்ததன்று. சட்டநாதர் கோயில், வெயிலுகந்த பிள்ளையார் கோயில், கைலாசநாதர் கோயில், வீரமாகாளி அம்மன் கோயில் என்பன அதன் நாற்புறக் காவலாய் அமைந்தன என்பது மரபு. 1560-இல் கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா என்னும் கோவைத் தேசாதிபதி படையொடு வந்து நல்லூரைப் பிடித்தும் நிலைகொள்ள இயலாது மீண்டான். 1591-இல் அந்திரே பூர்த்தாடோ மீண்டும் வந்து அரசனைக் கொன்று, தமக்குக் கீழ்ப்படிவான் ஒருவனை அரியணையில் இருத்திச் சென்றான். 1619-இல் பிலிப்பு தெ ஒலிவேரா வந்தபோதுதான் அரசே அழிந்தது. சங்கிலி பிடிபட்டுக் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொலையுண்டான்.

இவ்விடத்தில் நம் பாடநூல்கள் விரிவாய்க் கூறாத செய்தியொன்றுண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்குத் தனியரசன் இருந்ததில்லை. ஸ்பானிய மன்னனே அதற்கும் மன்னனாயிருந்தான். ஒலிவேரா நல்லூரைக் கைப்பற்றிய நாளில் மாட்றிட் நகரிலிருந்து ஆண்டவன் மூன்றாம் பிலிப்பு. எனவே நமது யாழ்ப்பாணம் முதன்முதலாக ஐரோப்பிய முடியொன்றின் நேராட்சிக்கு உட்பட்ட காலத்தில் அம்முடியைச் சூடியிருந்தவன் ஸ்பானிய வேந்தனே. கோட்டைக் கலையில் ஸ்பானியா கண்ட மாற்றங்களை அறிதல் நம் கோட்டையை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைசெய்யும் என்பதால் அதனைச் சிறிது நோக்குவாம்.

ஸ்பானியாவின் நடுநிலத்தில் மெதீனா தெல் காம்போ என்னும் ஊரருகே லா மோத்தா என்னும் பழங்கோட்டை செங்கல்லால் ஓங்கி நிற்கின்றது. கோக்கா என்னும் ஊரிலும் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த செங்கற் கோட்டையொன்று உண்டு. இவை மத்தியகாலக் கோட்டைகளின் இறுதித் தலைமுறையைச் சேர்ந்தவை. உயர்ந்த மதில், அதனினும் உயர்ந்த கோபுரம், உச்சியில் மறைந்து நின்று எய்வதற்கேற்ற ஞாயில்கள் என்பன அவற்றின் இலக்கணம். அம்பும் ஏணியும் கவண்கல்லுமே கருவியாயிருந்த காலத்து, உயரத்தில் நிற்பவன் வென்றான். திருவள்ளுவர் அரணின் இயல்புகளை எண்ணுமிடத்து உயரத்தை முதற்கண் வைத்தமையும் இதனாலேயே போலும். ஆனால் 1494-இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ல்ஸ், வண்டியில் ஏற்றிய பீரங்கிகளுடன் இத்தாலியுட் புகுந்தபோது, நூற்றாண்டுகளாய் அசையாது நின்ற கோபுரங்கள் சில நாள்களிற் சரிந்தன. உயரமே குற்றமாயிற்று. எவ்வளவு உயரமோ அவ்வளவு எளிதாய்க் குறிவைக்கலாம். எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவில் விழும்.

ஸ்பானியர் இதனை விரைவில் உணர்ந்தனர். பிரான்சின் எல்லையருகே சால்ஸ் என்னுமிடத்தில் 1497-இல் அவர்கள் தொடங்கிய கோட்டை, பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடைப்பட்டதாய் மண்ணுக்குள் அமிழ்ந்தது போலத் தாழ்ந்து நிற்கும். மதிலோ மிகப் பருத்தது. அதன்பின் இத்தாலியச் சிற்பியர் வகுத்த முறையே எங்கும் பரவியது. 1567-இல் அல்பா கோமகன், தன் மன்னனை எதிர்த்த நெதர்லாந்து மக்களை அடக்குதற்பொருட்டு அன்வர்ஸ் நகரில் ஐங்கோணக் கோட்டையொன்றை எழுப்பினான். 1571-இல் ஸ்பானியாவிலேயே பம்பிலோனா நகரில் மற்றோர் ஐங்கோணம் எழுந்தது. இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவாம்.

நல்லூரைப் பிடித்த ஒலிவேரா அங்கே நெடுநாள் இருக்கவில்லை. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் அனுப்பிய படைகள் கடல் கடந்து வந்து பறங்கியரைத் தாக்கின; உள்ளூரிலும் கிளர்ச்சி ஓயவில்லை. உள்நாட்டில் அமைந்த நல்லூரில் அகப்பட்டுக்கொண்டால் உதவி வந்து சேராது. கரையோரத்திற் கோட்டை இருப்பின் கோவையிலிருந்தோ நாகபட்டினத்திலிருந்தோ கப்பல் வரலாம். ஆகவே 1621-இல் தலைமையிடத்தை யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். அவ்வாண்டிலேயே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் இடிப்பித்தான். கடற்கரையில் எழுந்த கோட்டைக்கு அற்புத மாதாவின் பெயர் இடப்பட்டது. அது நாற்சதுரமாய், மூலைக்கொரு கொத்தளம் உடையதாய் இருந்தது.

கோயிற் கற்களே கோட்டைக் கற்களாயின என்பது நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லி வந்த செய்தி. இதனை வெறும் உணர்ச்சிப் பேச்செனத் தள்ளுவாரும் உளர். கோட்டை முழுவதுமே நல்லூர்க் கோயில்தான் என்று மிகைப்படுத்துவாரும் உளர். இரண்டும் பொருந்தா. கோட்டையின் பெரும்பகுதி முருகைக்கல்லால் ஆயது. கடலிலிருந்து எடுத்த அக்கல்லின் அளவை நோக்கின், எந்தக் கோயிலை இடித்தும் அதனைப் பெற்றிருத்தல் இயலாது. எனினும் குடாநாடு சுண்ணாம்புப் பாறையாலான நிலம். இங்கே கருங்கல் விளைவதில்லை. ஆதலால் வெளியிலிருந்து வருந்திக் கொணர்ந்து கோயில்களில் வைத்த கருங்கற்களை, இடித்தவர் வீணே விட்டிருப்பர் எனக் கருதுவதற்கில்லை. கோட்டைச் சுவர்களிற் கோயிற்றூண்களின் துண்டுகள் காணப்பட்டுள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று பொறித்த கல்லும் கோட்டைக்குள்ளேயே கிடைத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டார். 11-ஆம் நூற்றாண்டில் ஏதோவொரு கோயிலில் நின்ற கல், 17-ஆம் நூற்றாண்டில் மதிற்கல்லாகி, 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுத்தாய்ப் படிக்கப்பட்டது. இடித்தவன் அதனை அழிக்க எண்ணினானோ அன்றிப் பயன்படுத்த மட்டும் எண்ணினானோ, சுவருள் வைத்ததனால் அது தப்பியது.

போர்த்துக்கேயரின் நாற்சதுரக் கோட்டை நாற்பதாண்டுகூட அவர் கையில் நிலைக்கவில்லை. 1658-இல் றிக்கிளொவ் வன் கூன்ஸ் என்னும் ஒல்லாந்தத் தளபதி மன்னாரைப் பிடித்தபின் குடாநாட்டுட் புகுந்தான். ஊர்காவற்றுறையின் கடல்வாயிலில் நீர் நடுவே நின்ற சிறு கோட்டை, தண்ணீர் இன்மையாற் பணிந்தது. (அதற்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல்; பன்றித் தொடையின் குதிக்கால் என்பது பொருள். இலங்கையின் வடிவம் உப்பிட்ட பன்றித் தொடையைப் போன்றதென அவர்கள் கண்டனராம். நம்மவர் இத்தீவை முத்தென்று பாட, உண்ணும் பொருளாகக் கண்டவர் வணிகர்.) யாழ்ப்பாணக் கோட்டை மட்டும் ஏறத்தாழ மூன்றரைத் திங்கள் தாங்கிநின்றது. நம் இலக்கணநூலார் முற்றுவோர் ஒழுக்கத்தை உழிஞை என்றும் மதில் காப்போர் ஒழுக்கத்தை நொச்சி என்றும் வகுத்தனர். இங்கே உழிஞையும் அந்நியர்க்கு, நொச்சியும் அந்நியர்க்கு. ஊரார் இருவர்க்கும் இடையில் அகப்பட்டனர். பசியும் நோயும் உள்ளிருந்தோரை வாட்டவே ஜூன் மாதத்திற் கோட்டை வீழ்ந்தது. படையொடு வந்த பல்தேயு என்னும் ஒல்லாந்தப் பாதிரியார் இங்கே சில ஆண்டுகள் தங்கித் தாம் கண்டவற்றை எழுதினார். அந்நூல் 1672-இல் அம்ஸ்தர்தாமில் அச்சாயிற்று.

தாம் கைப்பற்றிய கோட்டையின் குறைகளைக் கைப்பற்றியவரே நன்கறிவர். ஒல்லாந்தர் அதனை இடித்து, அதன் கற்களையும் கொண்டு, புதிய ஐங்கோணக் கோட்டையைத் தொடங்கினர். 1680-இல் உட்கோட்டை முற்றுப்பெற்றது. இன்று நாம் காண்பது இதுவே.

இதன் அமைப்பை மேலிருந்து நோக்கினால் ஐந்து இதழ் விரித்த மலர்போலத் தோன்றும். அழகின்பொருட்டு இவ்வாறு அமைத்தார்களென எண்ணுவது தவறு. பழைய வட்டக் கோபுரத்தின் அடியில் பகைவன் ஒருவன் ஒட்டிக்கொண்டால் மேலே நிற்பவன் அவனைக் காணமுடியாது. வேலியின் மூலையோடு மூலையாய் ஒளிந்திருக்கும் சிறுவனை முற்றத்தில் நிற்கும் தாய் காணாதவாறு போன்றதே அது. இக்குருட்டிடத்தை ஒழிப்பதே புதிய முறையின் நோக்கம். மூலைதோறும் அம்புநுனி போன்ற கொத்தளத்தை வெளியே நீட்டினால், ஒரு கொத்தளத்தின் பக்கத்திலிருந்து சுடுபவன் அடுத்த கொத்தளத்தின் முகத்தை முழுதும் காப்பான். அடுத்ததில் நிற்பவன் இதன் முகத்தைக் காப்பான். இரண்டும் சேர்ந்து இடைப்பட்ட மதிலைக் காக்கும். பகைவன் எங்கே நிற்பினும் இரண்டிடத்திலிருந்து சூடுபடுவான். தன்னைத் தானே காத்துக்கொள்ள எந்தக் கொத்தளத்தாலும் இயலாது. அயலது அதனைக் காக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்.

ஏன் ஐந்து? நான்காயின் கொத்தளத்தின் நுனி மிகக் கூராகி எளிதில் உடையும். உள்ளே பீரங்கி திருப்பவும் இடம் போதாது. ஆறு அல்லது ஏழாயின் சிறந்ததே. ஆனால் கட்டும் செலவும் காக்கும் ஆளும் மிகும். வணிகக் கழகத்தின் கணக்குப்பிள்ளைக்கும் போர்ப்பொறியியல் வல்லுநனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடே ஐங்கோணம் எனலாம். ஏறக்குறைய இதே ஆண்டுகளில், 1666 தொடக்கம் 1679 வரை, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் அதே கழகத்தார் ஐங்கோணக் கோட்டையொன்றைக் கட்டினர். கேப்டவுனில் இன்றும் அது நன்னிலையில் உள்ளது. யாழ்ப்பாணத்துக் கோட்டையின் உடன்பிறப்பைக் காண விரும்புவோர் அதனைக் காணலாம்.

கொத்தளங்களுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர்கள் ஹொலாந்து, சீலாந்து, யூத்திரெக்ட், கெல்டர்லாந்து, பிரீஸ்லாந்து என்பன. இவை அவர்தம் நாட்டின் ஏழு மாகாணங்களுள் ஐந்தின் பெயர்கள். அன்வர்ஸ் கோட்டையை முன்னர்க் குறித்தேனன்றோ? அங்கே அல்பா கோமகன் ஐந்து கொத்தளங்களில் நான்குக்குத் தன் பெயரையும் பட்டங்களையுமே சூட்டினான். ஐந்தாவதற்குக் கட்டிய சிற்பி பச்சியோத்தோவின் பெயர் கிடைத்தது. அக்கொடுங்கோன்மைக்கு எதிராக 1568 முதல் 1648 வரை எண்பது ஆண்டு போராடி விடுதலை பெற்றனவே அம்மாகாணங்கள். விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிவதற்குள் அவர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கினர். தம்மை அடக்க எழுந்த அதே ஐங்கோண வடிவத்தை இங்கே எழுப்பி, அதன் மூலைகளில் தம் விடுதலை மாகாணங்களின் பெயர்களைப் பொறித்தனர். இவ்வுண்மையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. அடக்குமுறையை அனுபவித்தவர் பிறரை அடக்கமாட்டார் என்று நாம் கொள்ளும் நம்பிக்கைக்கு இக்கோட்டை நல்ல சான்றாகாது.

இனிக் கட்டடப் பொருளைப் பற்றிச் சில கூறவேண்டும். முருகைக்கல் நீரிலிருந்து எடுத்த புதிதில் மென்மையாய் வெட்டுதற்கு எளிதாயிருக்கும். காற்றும் வெயிலும் பட இறுகும். கல்லையே சுட்டுச் சுண்ணாம்பாக்கலாம். அச்சுண்ணாம்பே அக்கல்லை இணைக்கும் சாந்துமாகும். கருங்கல்லைப் போல் அது பிளப்பதில்லை. குண்டு பட்டால் அவ்விடம் மட்டும் பொடிந்து குண்டை உள்வாங்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஸ்பானியர் 1672-இல் தொடங்கிய சான் மார்க்கோஸ் கோட்டை, சிப்பி இறுகியமைந்த கல்லாற் கட்டப்பட்டது. 1702-இல் ஆங்கிலேயர் அதனை முற்றியபோது குண்டுகள் சுவரைத் தகர்க்காது அதிற் பதிந்து நின்றனவாம். மேலும் இவ்வகைக் கோட்டைகளின் மதில் முழுதும் கல்லன்று. இருபுறமும் கற்சுவர் எழுப்பி நடுவே மண் நிறைப்பர். அம்மண்ணும் பெரும்பாலும் அகழியைத் தோண்டியதனாற் கிடைத்தது.

தோண்டியவர் யார்? கல்லெடுத்தவர் யார்? வாயிலின்மேல் 1680 என ஆண்டு பொறிக்கத் தெரிந்தவர் அவர்களுட் பெரும்பாலார் பெயரைப் பொறிக்கவில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லொன்று ஒல்லாந்தரின் அரச ஏடுகளிலே கிடக்கின்றது. 'ஊழியம்' என்னும் நம் தமிழ்ச் சொல்லையே அவர்கள் தம் எழுத்தில் எழுதிக்கொண்டனர். குடிமக்களுட் சில பகுதியினர் ஆண்டுக்கு 12 நாள் கூலியின்றிக் கழகத்துக்கு வேலை செய்தல் வேண்டும் என்பதே ஊழியம். 1697-இல் யாழ்ப்பாணத்துத் தலைமை அதிகாரியாயிருந்த சுவாதகுறோன் தம் பின்னோர்க்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பிலும் இவ்வூழியம் இடம்பெறுகின்றது. ஊழியத்துக்கு அழைத்த கையாற் கல் சுமந்தோரின் வழித்தோன்றல்களே இன்று இக்குடாநாடெங்கும் வாழ்வோர். கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்கின்றோம். வரைந்தது அவர் கை என்ற அளவில் அது சரியே.

உட்கோட்டைக்குள் இருந்த கட்டடங்களுட் சிறந்தது 1706-இல் எழுந்த தேவாலயம். நான்கு கைகளும் ஒத்த அளவினவாய்ச் சிலுவை வடிவில் அமைந்தமையால் அதனைச் சிலுவைக் கோயில் என வழங்கினர். பருத்த சுவரும் உயர்ந்த கூரையும் அமைந்த அதன் தளத்தில் ஒல்லாந்த அதிகாரிகளின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கோட்டையிலிருந்த மணியொன்றில் அற்புத மாதாவின் பெயரும் 1648 என்னும் ஆண்டும் பொறித்திருந்தன. அது போர்த்துக்கேயர் காலத்தது. மாதாவின் உருவங்களை அகற்றிய ஒல்லாந்தர் அவள் மணியை மட்டும் வைத்துக்கொண்டனர். மணி எந்தச் சமயத்தாரையும் வழிபாட்டுக்கு அழைக்கும்போலும். காலியிற் போல இங்கே மக்கள் வாழும் நகர் கோட்டைக்குள் அமையவில்லை. ஊர் வெளியே கிழக்கில் வளர, கோட்டை படைக்கும் ஆட்சிக்கும் மட்டும் உரியதாய் நின்றது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் அகழிக்கு அப்பாலும் முக்கோணப் புறவரண்களைக் கட்டத் தொடங்கினர். பீரங்கியின் வலிமை பெருகப் பெருக அரணும் வெளிநோக்கி விரிய வேண்டியிருந்தது. 1792-இல் அவ்வேலை முடிந்தது. ஆசியாவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகளுள் அமைப்பின் நிறைவால் இதற்கு ஒப்பானது அரிது என இத்துறை வல்லோர் பலர் கூறியுள்ளனர்.

முடிந்து மூன்றாண்டு கழிந்தது. 1795-இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைக்கொள்ள, அந்நாட்டு இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடித் தம் குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு கடிதம் விடுத்தார். திருகோணமலை ஆகஸ்டில் வீழ்ந்தது. செப்டெம்பர் 28-ஆம் நாள் யாழ்ப்பாணக் கோட்டை ஒரு வெடியேனும் தீராமல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நூற்றாண்டுக்கு மேலாய்ச் செய்த செலவையும் உழைப்பையும் தூரதேசத்திலிருந்து வந்த ஒரு தாள் பயனற்றதாக்கியது.

ஆங்கிலேயர் காலத்தைப் பற்றிக் கூறுதற்குப் பெரிதாய் ஒன்றுமில்லை. அவர்கள் அதனைச் சிறைச்சாலையாகவும் அதிகாரிகளின் உறைவிடமாகவும் ஆக்கினர். 1905-இல் இளம் அதிகாரியாய் இங்கு வந்த லியோனாட் வூல்ப், மதிலின்மேல் அமைந்த வீடொன்றில் வாழ்ந்ததைப் பிற்காலத்தில் 1961-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூலொன்றில் நினைவுகூர்ந்தார். அவர் பின்னர் வெளியிட்ட நாவல்களாலும் நூல்களாலும் புகழ்பெற்றவர். எமது பாட்டனாரின் தலைமுறையினர்க்குக் கோட்டை என்றால் மறியல் என்றே பொருள். "கோட்டைக்குப் போகப் போகிறாய்" என்று குறும்பு செய்யும் பிள்ளைகளை அச்சுறுத்துவராம்.

பின்னர் நேர்ந்ததை நம் காலத்தவர் கண்ணாற் கண்டனர். கடல்வழி வரும் ஐரோப்பியப் பகைவனை எண்ணிக் கட்டிய கோட்டை, 1990-இல்தான் உண்மையான நெடுமுற்றுகையைக் கண்டது. அதுவும் கடலிலிருந்தன்று, சூழ்ந்துள்ள நிலத்திலிருந்து. அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய போரில் உள்ளே அகப்பட்ட அரச படையினரை விடுதலைப் புலிகள் செப்டெம்பர் வரை முற்றினர். செப்டெம்பர் இறுதியிற் படையினர் கோட்டையைக் கைவிட்டு வெளியேறினர். 1795-இல் ஒப்படைத்ததும் செப்டெம்பரிலேயே. குண்டுவீச்சும் எறிகணையும் சிலுவைக் கோயிலைச் சிதைத்தன. மீண்டும் எவரும் படைத்தளமாக்காதவாறு கோட்டையின் பகுதிகள் பின்னர் இடிக்கவும்பட்டன. அக்காலத்தில் முற்றவெளியைச் சூழ்ந்த நகர்ப்பகுதி எவ்வாறிருந்தது என்பதை நான் எழுதவேண்டியதில்லை. வீடிழந்தோர் இவ்விதழைப் படிப்போருட் பலர் உளர். 1995-இன் இறுதியில் அரச படை நகரை மீளக் கைப்பற்றியது. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியுடன் தொல்பொருட் டிணைக்களம் மதில்களைப் புதுக்கத் தொடங்கியது. சிலுவைக் கோயில் இன்றும் இடிபாடாகவே கிடக்கின்றது.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவாம். கோட்டையைக் காப்பது அதனைக் கட்டியவரைப் போற்றுவதாகும் என்னும் எண்ணமே அவ்வினாவின் அடியில் உள்ளது. ஒலிவேராவைப் போற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் நல்லூர் அழிவைப் பற்றி நாம் சொல்வதற்குக் கைவசமுள்ள சான்றுகளில் எத்தனை கோட்டைக்கு வெளியே உள்ளன? யமுனா ஏரியும் சங்கிலியன் தோப்பின் வாயிலும் மந்திரிமனையும் உள்ளன. அவற்றுட் சில எக்காலத்தன என்பதிலே அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். இன்று நாம் வழிபடும் கந்தசுவாமி கோயில் 1734-இல் வேறிடத்தில் எழுந்தது. பழைய கோயில்களின் கல்லைத் தொட்டுப் பார்க்க விரும்புவோன் கோட்டைச் சுவரைத்தான் தேடவேண்டும். சுவரை அழித்தால் இடித்தவனின் குற்றத்துக்குரிய சான்றையும் சேர்த்தே அழிக்கின்றோம்.

வேறொன்றும் உண்டு. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. கரையைக் காப்பதற்கு அத்தடை வேண்டியதே. எனவே பழஞ்சுவரின் கல்லொன்று போனால் அதற்கீடாக மற்றொன்றைப் பெறுதல் எளிதன்று. வீட்டு மதிலுக்கும் கிணற்றுக் கட்டுக்கும் அக்கல்லைக் கொண்டுபோவதில் தவறில்லையென எண்ணுவோர் இதனை உணர்தல் நன்று.

அண்மைக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் தொல்பொருட் டிணைக்களத்தாரும் இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் கோட்டைக்குள் அகழ்ந்து ஆராய்ந்தனர். ஒல்லாந்தர் தளத்துக்கும் போர்த்துக்கேயர் தளத்துக்கும் கீழே, சீனப் பாண்டங்களின் துண்டுகளும், அவற்றினும் மிகப் பழையனவாய்ச் சக்கர ரேகைக் கோடிட்ட பானையோடுகளும் வெளிப்பட்டன. தமிழகத்தின் அரிக்கமேட்டிற் கிடைத்த அதே வகை ஓடுகள் அவை. பறங்கியர் கால் வைப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் மரக்கலங்கள் வந்து தங்கின என்பதற்கு அவ்வோடுகள் சான்றாகும். கோட்டை எழுந்தமையாலேயே அந்நிலத்தின்மேல் பிற்காலத்து வீடும் கடையும் கிணறும் தோண்டப்படாது, கீழ்மண் கலையாமற் கிடந்தது. அகழ்ந்த குழிகள் ஆய்வு முடிந்ததும் மூடப்பட்டன. எஞ்சிய நிலம் இன்னும் தோண்டப்படவில்லை.